குளிர்ப் பெட்டிக்கு ஒரு மச்சான்

எங்கள் வீட்டில் வலது பக்கம் எனக்குச் சொந்தம். பாயில் படுத்தாலும் வலது பக்கம், மாதா கோயிலுக்கு நடந்தாலும் வலது பக்கம், சோற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஊர்வம்பு பேசினாலும் வலது பக்கம்தான். என் வீட்டுக்காரருக்கு இடது காது கேட்காது. அவருக்கும் எனக்கும் மாதாவுக்கும் மட்டும் ரொம்ப நாள் தெரிந்திருந்த சங்கதி அது. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதக்கூடாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் பெயர் வில்பிரட்.

கூட்டத்தில் சில சமயம் நான் இடது பக்கம் மாட்டிக்கொள்வேன். அப்போது கூப்பிடமாட்டேன், அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுப்பேன். ஒரு இழுப்பு என்றால் திரும்பிப் பாருங்கள். இரண்டு இழுப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம். பார்க்கிறவர்கள் இந்தப் பிலோமிக்குப் புருஷன் மேல் என்ன ஆசை பாரு, சட்டையை விடமாட்டேன் என்கிறாள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் சொல்வதும் பொய் இல்லையே.

இந்த இழுப்புப் பாஷை கடலில் இருந்து வந்தது. கல்யாணமான புதிதில் அவர் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். கல்லை மிதித்துக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்குவார்கள். மூச்சு முட்டுகிற நேரத்தில் இடுப்புக் கயிற்றை இழுப்பார்கள். மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவன் அந்த இழுப்பைக் கையில் உணர்ந்து சட்டென்று ஆளைத் தூக்கவேண்டும். அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுத்துவிட முடியாது. எங்கள் ஆட்கள் மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவன்கூட ஒரு கொட்டாவி விட்டு அசந்து போகலாம். பெண்டாட்டியின் அண்ணன் அசரமாட்டான். அசந்தால் அறுவது அவன் தங்கச்சி தாலியல்லவா? என் வீட்டுக்காரர் கயிறு என் அண்ணன் வளன் கையில் இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள், அடியில் பாறை இடுக்கில் கயிறு மாட்டிக்கொண்டது. இவர் இழுத்த இழுப்பு பாறையோடு நின்றுவிட்டது. அண்ணன் கைக்கு வந்து சேரவில்லை. அவனே சந்தேகப்பட்டுத் தூக்குவதற்குள் பிந்திவிட்டது. மேலே வந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். பிழைத்தது மாதா புண்ணியம்.

அதன்பிறகு இவர் தோணியில் ஏறவில்லை. இன்னொரு தரம் முங்கினால் மற்றக் காதும் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதை வெளியே சொல்ல இவருக்குப் பயம். செவிடன் என்று தெரிந்தால் எவன் வேலை கொடுப்பான்? என்னிடம் மாதா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டார். இவர் வாயை மூடினார், ஊர் வாயைத் திறந்தது. மச்சான் கை மேல் நம்பிக்கை போய்த்தான் வில்பிரட் கரையேறிவிட்டான் என்று திரேஸ்புரம் முழுக்கப் பேச்சு. கயிறு பிடிக்கிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அண்ணனை அதற்குப்பிறகு எந்தக் குளிகாரனும் கயிற்றுக்குக் கூப்பிடவில்லை. அவன் வலையைத் தூக்கிக்கொண்டு மீன்பிடிக்கப் போய்விட்டான்.

இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டால் இவர், "ரத்தத்தோட கெடந்தேன், ஒரு வார்த்த கேட்டானா?" என்பார். அவன், "அவன் மனுசனே இல்ல, விடு" என்பான். இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷத்துக்கு நடுவில் நான் பிறந்த வீட்டு வாசல் எனக்கு அடைபட்டுப் போனது. எனக்கு இரண்டு பேரையும் ஒரே துடைப்பத்தால் அடிக்கவேண்டும் போல இருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் அழவும் அழுதேன்.

இவருக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. மீனுக்கு ஐஸ் கட்டி போடுகிற கம்பெனி. மிஷினுக்குப் பக்கத்தில் வலது காதைச் சாய்த்துக்கொண்டு நின்று சத்தத்திலேயே கோளாறு சொல்லுவார். அவர் ஏன் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் அங்கே அமோனியாக் குழாய் ஒன்று விட்டுப்போனது. கண்ணும் நெஞ்சும் எரிய எல்லாரும் வெளியே ஓடிவந்தபோது இவர் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், மயங்கிக் கிடந்தவர்களை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தூத்துக்குடியில் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர். அந்தப் பெயர்தான் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தியது.

கார், சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியுடையது. கருப்பட்டி மொத்த வியாபாரி. சுதந்திரம் வந்த மறு சித்திரையில், கப்பலேறிப் போன ஒரு துரை விட்டுச்சென்ற அமெரிக்கக் காரை மெட்ராஸில் வாங்கி ஓட்டிவரச் செய்தார். கருப்பு நிறம், பெரிய மூக்கு. அதன் டிக்கிக்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தகரப் பெட்டி இருந்தது. பின்சீட்டுக்குப் பின்னால் சல்லடை போட்ட ஒரு வாய். என்ஜின் ஓடினால் அந்த வாய் குளிர்காற்றை ஊதும். ஊதுவதை நிறுத்த ஒரு விசைகூட வைக்கவில்லை அந்தப் புண்ணியவான்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்மூடியைத் திறந்து, ஒரு பெல்ட்டைக் கழற்றிப் போட்டால்தான் நிற்கும்.

அண்ணாச்சி அந்தக் காரில் மனைவி தேவகனியைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனார். டிரைவருக்குப் பெல்ட் சங்கதி தெரியாது. கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, சன்னிதித் தெருவில் அந்த அம்மா ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டித்துப்போய் இறங்கினாள். மலைக்காய்ச்சல் என்று நினைத்து யாரோ திருநீறு கொண்டுவந்தார்களாம். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஐஸ் கம்பெனியில் குழாய் விட்ட கதையை அதன்பிறகு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எம் முதுகுக்குப் பின்னால வெசக்காத்த ஒக்கார வச்சிக்கிட்டு நா வரமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பெல்ட்டைக் கழற்றியாகிவிட்டது, இனி ஊதாது என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். "ஊதாட்டியும் உள்ள இருக்குல்லா?" என்றாள். நியாயமான கேள்விதான். அந்தப் பெட்டி இப்போது அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது, கோழி அடைகிறார்கள். அது அங்கே போய்ச்சேர்ந்த கதையைத்தான் சொல்கிறேன்.

பெட்டியைக் கழற்றித் தரும்படி அண்ணாச்சி வந்து கேட்டபோது என் வீட்டுக்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. கம்பெனி இன்ஜினீயரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் பெட்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"என்ன கேஸ் போட்டிருக்கான்னு இதுல எழுதல. பழசா இருந்தா மூக்கே சொல்லிடும், ஓடி வந்துடலாம். புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதுக்கு வாசனையே கிடையாது. அதுதான் எனக்குப் பயம். கனமான கேஸ், பெட்டிக்குள்ளேயே தேங்கும். காத்து இருக்கவேண்டிய இடத்தை அது பிடிச்சுக்கும். ஆள் தூங்கற மாதிரி சாஞ்சுடுவான், அவனுக்கே தெரியாது."

"அப்ப எப்பிடி சார் கழத்துறது?" என்றார் அண்ணாச்சி.

"வெட்டவெளியில வண்டிய நிறுத்துங்க. காத்து குறுக்க வீசணும். நெருப்பு கூடாது. பக்கத்துல ஒரு பீடி எரிஞ்சாக்கூட அந்த கேஸ் வேற விஷமா மாறும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் துணி. நட்டை ஒரேயடியா திருகாம, கொஞ்சம் கொஞ்சமா விட்டு எல்லாத்தையும் வெளியேத்தணும். மொத்தமும் போனப்புறம்தான் பெட்டியத் தொடணும்."

முன்பக்கம் என்ஜினோடு சேர்ந்த நட்டில் கேஸை விடலாம் என்று பார்த்தார்கள். அது உப்புக் காற்றில் இறுகிப்போய் அசையவில்லை. தட்டினால் குழாய் வெடிக்கும். ஆகவே டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, பெட்டிக்குப் பின்னால் இருக்கிற நட்டைத்தான் தளர்த்த வேண்டும். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். மூச்சை அடக்கி உள்ளே போவது, நட்டைக் கொஞ்சம் திருகுவது, வெளியே வந்து மூச்சு வாங்குவது, மறுபடி உள்ளே போவது. கடலில் முங்குகிற மாதிரியேதான். சாய்ந்துவிட்டால் இழுக்க, இடுப்பில் ஒரு கயிறு வேண்டும் என்றார் இன்ஜினீயர்.

"நா பிடிக்கேன் வில்பிரட்டு" என்றார் கம்பெனி மேஸ்திரி நல்லக்கண்ணு. நல்ல பலசாலி.

"வேண்டாம் மேஸ்திரி. கயிறு பிடிக்கது பெலத்துல இல்ல" என்றார் இவர்.

"பெறகு யாரு பிடிப்பா?"

இவர் பதில் சொல்லவில்லை. கயிறு இல்லாமலே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அந்தப் பதில் சொல்லாத இடத்தில் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அன்று வீட்டில் எனக்கும் அவருக்கும் நல்ல சண்டை. கயிறு இல்லாமல் போனால் நான் காருக்கு முன்னால் படுத்துக்கொள்வேன் என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். நாலு பேரை இழுத்துப்போட்டவருக்கு, தன்னை இழுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. நான் வீட்டுத் துணிப்பெட்டியைத் திறந்தேன். அவருடைய பழைய குளிக் கயிறு அடியில் சுருண்டு கிடந்தது. வேண்டாத பொருளை யாராவது இத்தனை காலம் கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்திருப்பார்களா? எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரேஸ்புரத்தில் அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

மதினி அந்தோணியம்மாள் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டாள். "வா பிலோமி" என்று சொல்வதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அவருக்குக் கயிறு பிடிக்கணும்ண்ணே" என்றேன்.

"அவன்தான் கரையேறிட்டானே. இனி என்ன கயிறு?"

சொன்னேன். கார், பெட்டி, வாசனை இல்லாத கேஸ், தூங்குகிற மாதிரிச் சாவது, எல்லாம் சொன்னேன். சொல்லச்சொல்ல வலைமேல் அவன் கை நின்றுபோனது.

"கம்பெனில ஆளா இல்ல?"

"இருக்கு. யார் கையிலயும் குடுக்க மாட்டேங்காரு."

"என் கையில குடுக்கச் சொன்னானா?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் லேசாக முடிந்திருக்கும். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "சொல்லல" என்றேன்.

"பெறகு எதுக்கு வந்த?"

"அவரு சொல்லமாட்டாரு, நீ கேக்கமாட்ட. தாலி மட்டும் எங்கழுத்துல கெடக்கு. நான் வராம வேற யாரு வருவா?"

அவன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். கயிறு ஓடிக் காய்ப்பேறிய கை. "இதுக்கு ஊரு என்ன பேரு வச்சிருக்கு தெரியுமாளா? பிந்துன கை. சந்தையில மீன எடுத்துக் குடுத்தாக்கூட, பிந்துன கை வளனான்னு கேக்கான். இந்தக் கையவா அவன் நம்பப் போறான்?"

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, அந்தக் காது சங்கதி. மாதா பேரில் சத்தியம் பண்ணியிருந்தேன். விழுங்கிக்கொண்டேன். கயிற்றை எடுத்து வலைமேல் வைத்தேன்.

"நாளைக்கு உப்புக் கிட்டங்கிக்கு வடக்க, வெட்டவெளியில. கடக்காத்து கெளம்புனதும் ஆரம்பிக்காரு. கயிறு இங்கனயே இருக்கட்டும். நீ வந்தா கயிறும் வரும். வரலன்னா கயிறு இல்லாமலே தலைய விடுவாரு. பெறகு ஒன் இஷ்டம்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். தெரு திரும்பியதும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். டிரைவர் பேட்டரி ஒயரைக் கழற்றினான். இன்ஜினீயர் ஒரு கைப்பிடி மணலைத் தூக்கிவிட்டுக் காற்று எப்படிப் போகிறது என்று பார்த்தார். மேஸ்திரியின் மடியில் இருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எல்லாரையும் காற்று வருகிற பக்கம் தூரமாகப் போய் நிற்கச் சொன்னார். கார்க்கார அண்ணாச்சி, அவர் சொல்வதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் வீட்டில் துணிப்பெட்டியில் தேடியிருக்கவேண்டும். வந்து, "கயித்த எங்க வச்ச?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே போயிருந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடல்காற்று கிளம்பியபிறகும் கண்ணாடியைத் துடைத்தார், கையில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினார். இன்ஜினீயர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். கடைசியில், "சரி, பாப்போம்" என்று டிக்கியைப் பார்த்துத் திரும்பினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. போனது அவர் திரும்பியதால். வந்தது, கிட்டங்கிச் சுவரோரமாக அண்ணன் வருவதைப் பார்த்ததால்.

கயிற்றைத் தோளில் போட்டிருந்தான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இற்றுப்போன இடத்தை வெட்டிப் பின்னி, எண்ணெய் போட்டு உருவியிருக்கிறான். அது மின்னியது. இவரிடம் பேசவில்லை. நேரே வந்து, தோணியில் கட்டுகிற மாதிரியே இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். இவர் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். குழந்தைக்குச் சட்டை போடும்போது நிற்குமே, அப்படி நின்றார்.

"இழுத்தா தூக்குவேன்னு சொல்லு" என்றான் அண்ணன் என்னிடம்.

"இழுத்தா தூக்குவானாம்" என்றேன் இவருடைய வலது பக்கம் நின்று.

"தெரியும்னு சொல்லு" என்றார் இவர்.

பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தக் கூத்து! இரண்டு மண்டையையும் சேர்த்து முட்டிவிடத் தோன்றியது. என்னையும் தூரப்போகச் சொன்னார்கள். நான் மற்றவர்கள் நின்ற இடம் வரை போகவில்லை, பாதித் தூரத்தில் நின்றுகொண்டேன்.

இவர் மூச்சை நிரப்பிக்கொண்டு டிக்கிக்குள் நுழைந்தார். இடுப்புவரை உள்ளே. அண்ணன் இரண்டு எட்டு பின்னால், காலை அகற்றி ஊன்றிக்கொண்டு, கயிற்றைத் தொய்யாமலும் இறுகாமலும் பிடித்திருந்தான். அவன் காரைப் பார்க்கவில்லை. தோணியிலும் இப்படித்தான் தண்ணீரைப் பார்க்கமாட்டான். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, உயிரை உள்ளங்கையில் வைத்திருப்பான். உள்ளே ஸ்பானர் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். இவர் வெளியே வந்து முகத்தைக் காற்றுக்குக் காட்டி மூச்சு வாங்கினார்.

"மூக்குல ஏதாவது தெரியுதா?" என்று தூரத்திலிருந்து இன்ஜினீயர் கத்தினார்.

"ஒண்ணும் இல்ல சார்!"

"அப்ப அது புதுசுதான்! ஜாக்கிரதை!"

மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. ஒரு தரம் வெளியே வந்தபோது கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். சுற்றியிருந்த துணியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கேஸ் சீறி வருகிற இடத்தில் பனி கட்டிவிட்டதாம். சித்திரை வெயிலில், தூத்துக்குடி மணலில், பனி! பனிமய மாதா என்று பிறந்ததிலிருந்து கும்பிட்டு வருகிறேன், பனி எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். மாதா பக்கத்தில் இருக்கிறாள் என்று கொஞ்சம் தைரியமாக இருந்தது.

சீறல் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு முங்கு, முடிந்தது என்று விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார். இந்தத் தடவை வெளியே வர நேரமானது. நான் என் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், தாங்கமுடியாமல் விட்டுவிட்டேன். அவர் வரவில்லை. கால் அசையவில்லை. கயிறு லேசாக, மிக லேசாக, ஒரு துடிப்புத் துடித்தது.

அண்ணன் இழுத்தான். அப்படி ஓர் இழுப்பை நான் பார்த்ததில்லை. ஆளையே பின்னால் சாய்த்து இழுத்தான். என் வீட்டுக்காரர் கையில் ஸ்பானரோடு டிக்கியிலிருந்து பறந்து வந்து மணலில் மல்லாக்க விழுந்தார். கயிற்றை விடாமலே அண்ணன் ஓடி, முழங்காலிட்டு, அவர் தலையைத் தூக்கி ஒருபக்கமாக மடியில் சாய்த்துக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றினான். இவர் கண்ணை மூடிக்கொண்டு இருமினார். நெஞ்சு ஏறி இறங்கியது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அண்ணன் குனிந்து, மேலே தெரிந்த காதோடு வாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ள... இந்தத் தடவ பிந்தலல்லா? மாப்ள, பிந்தலல்லா?"

இவர் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்தார்.

அண்ணன் முகம் செத்துப்போனது. என்னை நிமிர்ந்து பார்த்தான். "பாத்தியாளா? இப்பவும் எனக்குப் பதில் சொல்லமாட்டேங்கான். அன்னைக்கும் இப்பிடித்தான்."

"என்னைக்கு?"

"அது நடந்த அடுத்த பூசைக்கு. கோயில் நடையில பக்கத்துல போய் நின்னு, மாப்ள என்னய மன்னிச்சிருன்னேன். திரும்பிக்கூடப் பாக்காம எறங்கிப் போனான். ஊரே பாத்துச்சு. அதுக்குப் பெறகு நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன் வீட்டுக்கு வருவேன்?"

இத்தனை காலமும் இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

"அண்ணே, அன்னைக்கு அவருக்கு எந்தப் பக்கம் நின்ன?"

"எந்தப் பக்கம்னா?"

"எந்தப் பக்கம் நின்னு சொன்ன?"

அவன் யோசித்தான். கோயில் நடையைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, கையைத் தூக்கி, இப்போது தன் மடியில் மேலாகத் தெரிகிற அதே காதைத் தொட்டுக் காட்டினான். இடது காது.

திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் கேஸுக்குப் பயந்து இன்னும் தூரத்திலேயே நின்றார்கள். மாதாவே, சத்தியத்தை முறிக்கிறேன், நீயே பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் குனிந்தேன்.

"அந்தக் காது கேக்காதுண்ணே. அன்னைக்குக் கடலுக்குள்ளயே போயிட்டு. இன்னும் முங்குனா மத்ததும் போயிரும்னாவ. அதான் கரையேறுனாரு. ஒன் கைக்காக இல்ல. ஒன் கைய அவரு ஒருநாளும் கொற சொன்னதில்ல."

கயிறு இன்னும் அண்ணன் கையில் சுற்றியிருந்தது. கண்ணீர் வடிவதைத் துடைக்கவில்லை. பிறகு இவர் தலையை மெதுவாக மணலில் இறக்கி வைத்துவிட்டு எழுந்தான். சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தான். நான் நிற்கிற பக்கம், எனக்குச் சொந்தமான வலது பக்கம். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். மணலில் முகம் படுகிற அளவு குனிந்து, அந்தக் காதில் முதலிலிருந்து கேட்டான்.

"மாப்ள... பிந்தலல்லா?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அவ்வளவு கிட்டத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவர் உதடு துடித்தது.

"நா இழுக்கவே இல்லியே மச்சான்" என்றார். "கயிறு டிக்கிக் கொண்டியில மாட்டிருக்கும். அதுக்குள்ள தூக்கிட்டீரே."

அண்ணன் சிரித்தானா அழுதானா என்று சொல்லமுடியாது, ஒரு சத்தம் வந்தது. இவர் கையை நீட்டி அவன் சட்டை நுனியைத் தேடிப் பிடித்தார். இரண்டு தரம் இழுத்தார்.

அண்ணன் புரியாமல் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்.

"வீட்டுக்குப் போவலாங்காரு."